சிக்கானோ ஸ்டடீஸை மேஜராக எடுக்கப்போகிறேன் என்கிறாள் மகள். அது ஒரு படிப்பா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வாசிப்பவர்களுக்கு உதவும். கலிபோர்னியாவில் ஒரு தமிழ்க் குடும்பம். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு தொடங்கப்போகிறாள். உயிரியல் படித்து மருத்துவப் பக்கம் போவாள் என்று வீட்டில் நினைத்திருக்க, சிக்கானோ லத்தீனோ ஸ்டடீஸ் எடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டாள். அப்பா கேட்பது மூன்று. இது உண்மையிலேயே ஒரு துறையா, இல்லை போராட்டக் கோஷத்துக்குப் பட்டம் கொடுக்கிறார்களா? மெக்சிகர்களின் கதைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? சோறு போடுமா?

மூன்றாவதுதான் முதலில் மனதில் வந்திருக்கும். நானும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவன், தெரியும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்களை உறுத்துவது முதல் கேள்வி. அதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப்போகிறேன். நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க மெக்சிக எல்லைப்புற வரலாற்றில் எம்.ஏ. செய்தேன். அப்புறம் பதினாறு ஆண்டுகளாகக் கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் மாணவர்களுக்குப் பாடத்தேர்வு ஆலோசகராக இருக்கிறேன். இந்தத் துறையின் அறிமுக வகுப்பைச் சில செமஸ்டர்கள் நடத்தியதும் உண்டு. நான் ஆய்வாளன் இல்லை. என் பார்வை பெரும்பாலும் கலிபோர்னியா, டெக்சஸ் பக்கம் சார்ந்தது.

முதலில் பெயர். சிக்கானோ என்பது அமெரிக்காவில் வாழும் மெக்சிக வம்சாவளியினரைக் குறிக்கும் சொல். மெக்சிகானோ என்பதன் பழைய உச்சரிப்பான ‘மெஷிகானோ’ தேய்ந்து வந்தது என்பது பலர் ஏற்கும் விளக்கம், ஆனால் அறுதியான சான்று கிடையாது. ஒரு காலத்தில் அது வசவு மாதிரி. வீட்டில் பெரியவர்கள் காதில் விழுந்தால் திட்டு விழும். 1960-களில் இளைஞர்கள் அதையே எடுத்துச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்கள். லத்தீனோ என்பது பெரிய குடை: ஸ்பெயினோடு நடந்த 1898 போரில் அமெரிக்காவின் கைக்கு வந்து 1917-ல் குடியுரிமை பெற்ற போர்ட்டோ ரிக்கர்கள், 1959 புரட்சிக்குப் பிறகு வந்த கியூபர்கள், 1980-களின் உள்நாட்டுப் போர்களிலிருந்து தப்பி வந்த எல் சால்வடார், குவாத்தமாலா மக்கள் எல்லோரும் அதற்குள் அடக்கம். ‘ஹிஸ்பானிக்’ (ஸ்பானிஷ் வம்சாவளி) என்பது படிவத்தில் அரசு கொடுத்த பெட்டி. 1976-ல் ஒரு சட்டம், 1977-ல் ஒரு நிர்வாக ஆணை, 1980-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எல்லோரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டது. 2020 கணக்கெடுப்பில் அந்தப் பெட்டியில் டிக் அடித்தவர்கள் 6.2 கோடி. இவர்கள் ஒரே இனமா, ஒரே மொழியா, ஒரே வரலாறா என்றால் எதுவும் இல்லை. அப்படி இல்லாதவர்களை ஒரே சொல்லுக்குள் வைப்பது சரியா என்பதே இந்தத் துறைக்குள் ஓயாத சண்டை.

சரி, கோஷமா படிப்பா? கோஷத்தில்தான் பிறந்தது, அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே நடந்தார்கள். ஸ்பானிஷ் பேசினால் தண்டனை, கல்லூரிக்குப் போகலாம் என்று சொல்ல ஆள் கிடையாது, பாடப் புத்தகத்தில் தங்கள் முகம் கிடையாது என்பவை அவர்களின் புகார்கள். அதே ஆண்டு நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் கறுப்பின, ஆசிய, லத்தீனோ, செவ்விந்திய மாணவர்கள் சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தம் 1969 மார்ச் வரை ஓடியது. லாஸ் ஏஞ்சலஸ் மாநிலக் கல்லூரியில் 1968-லேயே மெக்சிக அமெரிக்கப் படிப்பு தொடங்கிவிட்டது. 1969 ஏப்ரலில் சிக்கானோ மாணவர்களும் ஆசிரியர்களும் சாண்டா பார்பராவில் கூடி, துறை எப்படி இருக்க வேண்டும், யார் நடத்த வேண்டும் என்று ஒரு திட்ட அறிக்கையே எழுதினார்கள். கிழக்குக் கரையில், நியூயார்க் சிட்டி காலேஜில் போர்ட்டோ ரிக்க மாணவர்கள் கறுப்பின மாணவர்களோடு சேர்ந்து அதே வசந்தத்தில் வளாகத்தையே பிடித்துக்கொண்டார்கள். இதெல்லாம் ஆவணங்களில் இருக்கிறது, யாரும் மறுப்பதில்லை.

ஆனால் கோஷத்துக்குப் பத்து ஆண்டு முன்னாலேயே ஒருவர் வேலையைத் தொடங்கியிருந்தார். டெக்சஸ் எல்லையில் பிறந்த அமெரிக்கோ பரேதெஸ், நாட்டுப்புறவியல் அறிஞர். அவருடைய ஆய்வு 1958-ல் நூலாக வந்தது. பொருள் ஒரே ஒரு பாட்டு. எல்லைப்புறத்தில் கித்தார் வைத்துக்கொண்டு பாடும் கதைப்பாடலை ‘கொர்ரீதோ’ என்பார்கள். அதில் ஒன்று கிரிகோரியோ கோர்தெஸ் என்ற விவசாயியைப் பற்றியது. 1901 ஜூன் 12 அன்று குதிரைத் திருட்டு விசாரணைக்காக ஒரு ஷெரிஃப் அவர் வீட்டுக்கு வருகிறார். ஷெரிஃபுக்கு ஸ்பானிஷ் தெரியாது, கூட வந்தவர் மொழிபெயர்க்கிறார். “குதிரை மாற்றிக்கொண்டாயா?” என்று கேட்கிறார்கள். கோர்தெஸ் மாற்றியது பெண்குதிரை. ஸ்பானிஷில் அதற்குத் தனிச் சொல்: ஆண்குதிரை கபாயோ, பெண்குதிரை யெகுவா. கேட்டது கபாயோ என்பதால் அவர் “இல்லை” என்கிறார். பொய் சொல்கிறான் என்று முடிவாகிறது. அடுத்து அவர் சொன்ன வாக்கியம் கைதாக மறுப்பதாக மொழிபெயர்க்கப்படுகிறது. ஷெரிஃப் சுட்டதில் கோர்தெஸின் சகோதரர் விழுகிறார், கோர்தெஸ் திருப்பிச் சுட்டதில் ஷெரிஃப் இறக்கிறார். பத்து நாள் துரத்தல், பின்னால் நூற்றுக்கணக்கான ஆட்கள். லாரெடோவுக்கு அருகில் பிடிபட்டு, பல வழக்குகள் நடந்து, சிறையில் கிடந்து, 1913-ல் ஆளுநர் மன்னிப்பில் வெளியே வந்தார்.

பரேதெஸ் செய்தது என்னவென்றால், அந்தப் பாட்டின் பல வடிவங்களைத் தேடிச் சேர்த்து, பக்கத்தில் நீதிமன்றப் பதிவுகளையும் அன்றைய செய்தித்தாள்களையும் வைத்தார். ஒரு தனி மனிதனின் ஓட்டத்தைச் செய்தித்தாள்கள் ஒரு கும்பலின் அட்டகாசமாக எழுதியிருந்தன. பாட்டும் தன் பங்குக்கு நாயகனை ஊதிப் பெருக்கியிருந்தது. எது எங்கே விலகுகிறது, ஏன் விலகுகிறது என்று வரிவரியாகப் பார்த்தார். ‘நம்மாள் நல்லவன்’ என்று நிறுவுவது அவர் நோக்கமாக இல்லை. ஒரு பெண்குதிரைக்கு இரண்டு மொழிகளில் இரண்டு கணக்கு இருந்ததால் உயிர்கள் போயின என்பதைத் தாளில் கண்டுபிடித்தார். இந்தத் துறை படிப்பாக இருக்கும்போது இப்படித்தான் இருக்கும். தாளில் எழுதியிருப்பதும் ஆள் வாழ்ந்ததும் ஒத்துப்போகாத இடத்தில் உட்கார்ந்து, இரண்டையும் வாசிப்பது. உங்கள் மகள் எடுக்கப்போகும் படிப்பு இதைக் கற்றுக்கொடுக்கிறதா என்பதுதான் உங்கள் முதல் கேள்வியின் சரியான வடிவம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு உதாரணம் என் சொந்தப் பித்து, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 1848 பிப்ரவரி 2-ல் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கை கையெழுத்தானது. போரில் தோற்ற மெக்சிகோ கலிபோர்னியா, நெவாடா, யூட்டா முழுவதையும், அரிசோனா, நியூ மெக்சிகோவின் பெரும்பகுதியையும் விட்டுக்கொடுத்தது. அமெரிக்கா கொடுத்தது 1.5 கோடி டாலர். நாங்கள் எல்லையைக் கடக்கவில்லை, எல்லைதான் எங்களைக் கடந்தது என்று சிக்கானோக்கள் சொல்வது இதை வைத்துத்தான். அந்த மண்ணில் இருந்தவர்களின் சொத்துரிமை காக்கப்படும் என்று உடன்படிக்கை சொன்னது. மெக்சிக அரசு முன்பு கொடுத்திருந்த நில மானியங்களைப் பற்றித் தனியாகவே பேசிய பத்தாம் பிரிவை மட்டும் அமெரிக்க செனட் நீக்கிவிட்டது. மூன்றே ஆண்டில், 1851-ல், நிலம் உன்னுடையதுதான் என்று நீயே நிரூபி என்றொரு சட்டம் வந்தது.

நிரூபிக்க அவர்களிடம் என்ன இருந்தது? ‘டிசென்யோ’ என்ற கைவரைபடம். இந்த ஓடை, அந்தக் கருவாலி மரம், மலையின் இந்த முகடு என்று மசியில் வரைந்து லேசாக வண்ணம் தீட்டியது. அளந்ததும் கயிற்றால்தான். ஐம்பது வாரா நீளக் கயிற்றின் இரு முனையிலும் குச்சி கட்டி, இரண்டு பேர் குதிரையில் மாறிமாறி முன்னேறுவார்கள் (ஒரு வாரா கிட்டத்தட்ட நம் கஜம்). நிலம் ஏராளம், மாடுதான் சொத்து என்றிருந்த ஊரில் அந்தத் துல்லியம் போதும். தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியோடு வந்த சர்வேயரிடம் அது செல்லவில்லை. விசாரணைக்கு வந்தவை 813 உரிமைக் கோரிக்கைகள். அவற்றில் 604 கடைசியில் உறுதியாயின. அதாவது முக்கால்வாசிப் பேர் ஜெயித்தார்கள். இங்கேதான் மாணவர்கள் திகைப்பார்கள். நிலத்தைப் பிடுங்கினார்கள் என்றல்லவா கேட்டோம், ஜெயித்திருக்கிறார்களே? ஜெயித்துப் பட்டா கையில் வரச் சராசரியாக 17 ஆண்டுகள் ஆயின. அதற்குள் வக்கீல் கட்டணம், கடன் வட்டி, வரி, இடையில் வந்து குடிசை போட்டு உட்கார்ந்துகொண்டவர்கள். வழக்கில் ஜெயித்த நிலத்தை வக்கீலுக்கே எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. ‘திருட்டு’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டால் இது நடந்த விதம் எதுவும் தெரியாது. அதே சமயம் எல்லாம் சட்டப்படிதான் நடந்தது என்பவருக்கும் இந்த 17 ஆண்டுக் கணக்கைக் காட்ட வேண்டியிருக்கும். பெர்க்லியில் பாங்க்ராஃப்ட் நூலகத்தில் அந்த வரைபடங்கள் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். மகளோடு சேர்ந்து ஒன்றைப் பாருங்கள்.

துறைக்குள் எல்லாமே இப்படி உறுதியாக நிற்கிறதா என்றால், இல்லை. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் மெக்சிகர்களைத் திருப்பி அனுப்பியதை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்தது உறுதி. 1931 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பூங்காவை அதிகாரிகள் சுற்றி வளைத்ததும், நிவாரணச் செலவைக் குறைக்க அந்த மாவட்ட நிர்வாகமே ரயில் கட்டணம் கட்டி ஆட்களை ஏற்றியதும் பதிவில் உள்ளன. போனவர்களில் அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளைகள் நிறையப் பேர் இருந்ததும் உறுதி. எண்ணிக்கைதான் தகராறு. 2005-ல் கலிபோர்னியா சட்டமன்றம் மன்னிப்புக் கேட்டபோது எழுதிய எண் 20 லட்சம். இரு நாடுகளின் கணக்கெடுப்புத் தரவுகளை வைத்துப் பின்னால் கணக்குப் போட்ட ஆய்வாளர்களுக்கு 3.5 லட்சத்தை ஒட்டித்தான் வந்தது. விரட்டப்பட்டவர் யார், பயந்து போனவர் யார், வேலை இல்லாமல் தானே கிளம்பியவர் யார் என்று பிரிப்பது அதைவிடக் கடினம். நல்ல ஆசிரியர் இரண்டு எண்ணையும் கரும்பலகையில் எழுதி, எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேட்பார். பெரிய எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் சந்தேகம் அந்த வகுப்புக்குப் பொருந்தும்.

அஸ்த்லான் விஷயமும் அப்படித்தான். பழைய மெக்சிகோவை ஆண்ட அஸ்தெக்குகள் தெற்கே வருமுன் வாழ்ந்த தொல்நிலம் என்பது அவர்களின் ஐதீகம். அது எங்கே இருந்தது என்று யாராலும் காட்ட முடியவில்லை. 1969-ல் டென்வரில் கூடிய இளைஞர்கள், அமெரிக்கத் தென்மேற்குதான் எங்கள் அஸ்த்லான் என்று அறிவித்தார்கள். கவிதையாக அதற்குப் பெரிய சக்தி இருந்தது. வரலாறாக வைத்தால் உடனே கேள்வி வரும்: அங்கேயே வாழ்ந்த பழங்குடிகளான நவஹோக்களும் அப்பாச்சிகளும் தோஹோனோ ஓதாம்களும் எங்கே இருந்தார்கள்? அவர்கள் நிலத்தை ஸ்பெயின் முதலில் எடுத்தது, மெக்சிகோ வைத்துக்கொண்டது, அமெரிக்கா வாங்கிக்கொண்டது. இந்தக் கேள்வியைக் கேட்டதில் இத்துறைக்குள் இருப்பவர்களே அதிகம். பெண்கள் இன்னொரு பக்கத்திலிருந்து இடித்தார்கள். சாண்டா பார்பரா அறிக்கையில் பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, 1982-ல் டேவிஸ் பல்கலைக்கழக வளாகத்தில் தனிக் கல்வி அமைப்பே கண்டார்கள். எழுத்தாளர் குளோரியா அன்சால்துவா 1987-ல் எல்லை என்பதை நிலத்தின் கோடாக மட்டுமல்லாமல் உடலுக்கும் மொழிக்கும் நடுவே ஓடும் கோடாகவும் எழுதியபின், பாடத்திட்டமே திசை மாறியது. துறைகளின் பெயர்ப்பலகையில் சிக்கானோ போய் சிக்கானாவும் சேர்ந்து, பிறகு ஆண்பால் ‘ஓ’, பெண்பால் ‘ஆ’ இரண்டுக்கும் பொதுவாகக் கடைசி எழுத்தை எக்ஸ் ஆக்கியது இந்த வழியில்தான். அந்த எக்ஸை லத்தீனோ மக்களில் நூற்றுக்கு மூன்று நாலு பேர்தான் பயன்படுத்துகிறார்கள் என்று கருத்துக்கணிப்புகள் சொல்கின்றன. எனக்கும் அது வாயில் நுழைவதில்லை. அதற்காகத் துறையை எடைபோட மாட்டேன்.

அரசியல் தொல்லை வராதா என்றும் ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். வந்திருக்கிறது. டூசான் பள்ளிகளில் நடந்த மெக்சிக அமெரிக்கப் பாடத்தை முடக்க அரிசோனா 2010-ல் சட்டம் போட்டது. 2012 ஜனவரியில் வகுப்புகள் நின்றன, புத்தகங்கள் பெட்டியில் போயின. 2017-ல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர், அந்த நடவடிக்கைக்குப் பின்னால் இனப்பகை இருந்தது, அரசமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தார். அந்தப் பாடம் எடுத்த பிள்ளைகள் தேர்வில் தேறுவதும் பள்ளியை முடிப்பதும் கூடுதலாக இருந்ததாக 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பள்ளிக்கும் பொதுவாக்கத் தயங்குவேன். விரும்பி எடுத்த பிள்ளைகள் என்பதும், நல்ல ஆசிரியர்கள் என்பதும் அந்த முடிவில் கலந்திருக்கும்.

வேலைக்கு வருவோம். நான் பார்த்தது என் காலேஜ் வழியாகப் போனவர்களை மட்டும். இதை மேஜராக எடுத்தவர்கள் ஆசிரியர்களாக, சமூகப் பணியாளர்களாக, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களாக, நகராட்சி ஊழியர்களாக ஆனார்கள், சிலர் சட்டம் படிக்கப் போனார்கள். கணினி சம்பளம் யாருக்கும் வரவில்லை. கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் எல்லா வளாகங்களிலும் இளநிலை மாணவர்கள் இனக்குழுக் கல்வியில் (சிக்கானோ ஸ்டடீஸ் அதில் ஒரு பிரிவு) ஒரு பாடமாவது எடுக்க வேண்டும் என்று 2020-ல் சட்டம் வந்தது, அதனால் கல்லூரிகளில் ஆசிரியர் தேவை கூடியது. உயர்நிலைப் பள்ளிகளிலும் அதைக் கட்டாயமாக்கும் 2021 சட்டத்தை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். அரசு நிதி ஒதுக்கினால்தான் அமலாகும் என்று அதிலேயே நிபந்தனை இருக்கிறது.

மருத்துவக் கனவை விட்டுவிட்டாள் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு உயிரியல்தான் மேஜராக இருக்க வேண்டும் என்பதில்லை. கேட்கும் அறிவியல் பாடங்களையும் நுழைவுத் தேர்வையும் முடித்தால் போதும். இந்த மாநிலத்தில் பத்தில் நாலு பேர் லத்தீனோ. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் மருத்துவப் பள்ளி 2004 முதல் லத்தீனோ சமூகத்துக்கு வைத்தியம் பார்ப்பதற்கென்றே ஐந்தாண்டுத் தனித் திட்டம் நடத்துகிறது. என்னிடம் வரும் மாணவி என்றால், சிக்கானோ ஸ்டடீஸோடு வேதியியல், உயிரியல் பாடங்களையும் முதல் இரண்டு ஆண்டிலேயே அடுக்கச் சொல்வேன். ஸ்பானிஷைப் பேசவும் எழுதவும் நான்கு செமஸ்டராவது. அது இல்லாமல் இந்தப் பட்டம் பாதிப் பட்டம். துறையின் பாடப்பட்டியலை வாங்கி, ஆய்வுமுறை வகுப்பு கட்டாயமா, வாய்மொழி வரலாறு பதிவு செய்யவும் ஆவணக் காப்பகத்தில் உட்காரவும் வைக்கிறார்களா என்று பாருங்கள். வெறும் ‘அடையாளம்’ என்று தலைப்பிட்ட பாடங்களாகவே இருந்தால், வேறு வளாகம் பார்க்கச் சொல்லுங்கள்.

நமக்கு என்ன சம்பந்தம் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. தமிழர்களுக்கு என்று நேராக எதையும் நான் இட்டுக்கட்ட மாட்டேன். இந்தியர்களுக்கு உண்டு. நூறு வருடத்துக்கு முன் பஞ்சாபிலிருந்து கலிபோர்னியா வந்த விவசாயிகள், 1917 குடிவரவுச் சட்டத்தால் ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர முடியாமல் நின்றார்கள். குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர் நிலம் வாங்கக் கூடாது என்ற 1913 நிலச் சட்டமும், இந்தியருக்கு அந்தத் தகுதி இல்லை என்று 1923-ல் வந்த பகத் சிங் திண்ட் வழக்கின் தீர்ப்பும் சேர்ந்து சொந்தப் பெயரில் நிலம் வாங்கவும் விடவில்லை. வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டவும் மாநிலச் சட்டம் தடை. மெக்சிகோ எல்லையை ஒட்டிய இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்திக் காட்டில் பக்கத்தில் வேலை செய்த மெக்சிகப் பெண்களை அவர்கள் மணந்தார்கள், சில நூறு குடும்பங்கள். பிள்ளைகள் தாயோடு தேவாலயம் போனார்கள், ஸ்பானிஷ் பேசினார்கள், பெயரில் சிங் வைத்துக்கொண்டார்கள். மெக்சிகர் சட்டப்படி வெள்ளையர் என்பதால் இந்தத் திருமணங்களும் தாளில் பார்த்தால் தடைக்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாவட்ட அலுவலகத்தில் கிளார்க் நிமிர்ந்து இருவர் முகத்தையும் பார்ப்பார், நிறம் ஒத்துப்போகிறது என்று பட்டால் இனம் என்ற கட்டத்தில் இருவருக்கும் ‘பழுப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். எந்தச் சட்டத்திலும் அப்படி ஓர் இனம் இல்லை.